வெருகின் கண்ணும் மின்னல் விளக்கும்

வீட்டுப் பூனையை இரவிலே படம் பிடிப்பது எவ்வாறு என்று ஒரு பண்டிதன் எழுதப் புகுந்தால், இலக்கணம் கற்பிப்பவனுக்கு இந்த வேலை எதற்கு என்று நகைப்பாரும் உளர். நகைக்கட்டும். பூனையை உற்று நோக்கி, அதன் இளமைக்கும் இனத்துக்கும் பெயர் வகுத்துத் தந்தவர் யார் என்று கேட்டால், தமிழிலே விடை சொல்ல வேண்டியவர் இலக்கண ஆசிரியரே. தொல்காப்பியப் பொருளதிகாரத்து மரபியல், மூங்கா, வெருகு, எலி, அணில் என்னும் நான்கின் இளமைக்கும் குட்டி என்னும் பெயரை உரிமையாக்குகின்றது. பறழ் என்று சொன்னாலும் பிழையில்லை என்று அடுத்தே இசைவும் தருகின்றது. பின்னும் ஓரிடத்தில், குரங்கின் ஆணைக் கடுவன் என்றும், கூகையைக் கோட்டான் என்றும், கிளியைத் தத்தை என்றும், வெருகைப் பூசை என்றும் மக்கள் வழங்குவதை எடுத்துக்கூறி, வழக்கு உண்மையான் அவை விலக்கத்தக்கன அல்ல என்று முடிக்கின்றது. இப்பொருளதிகாரத்தை 1885இல் உரையோடு அச்சேற்றித் தந்தவர் நம் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள். அவர் ஏடு தேடி அலைந்த அலைச்சலால் அன்றோ நாம் இன்று இருந்த இடத்தில் இருந்துகொண்டு வெருகுக்கும் பூசைக்கும் வேறுபாடு பேசுகின்றோம்.

யாழ்ப்பாணத்திலே நாம் ஆண் பூனையைக் கடுவன் என்போம். மரபியலில் குரங்குக்கு உரியதாய் இருந்த பெயர் நம் வேலியோரத்தில் பூனைக்கு வந்து சேர்ந்திருக்கின்றது. வழக்கு உண்மையான் இதுவும் கடியத்தக்கதன்று. அந்தச் சூத்திரத்தின் துணைகொண்டே, கமரா, பிளாஷ் என்னும் இரு சொற்களையும் இக்கட்டுரையில் தாராளமாய் ஆளுகின்றேன். பிளாஷுக்கு மின்னல் விளக்கு என்று தமிழ்ப் பெயர் சொல்வது எனக்கு உடன்பாடே. ஆயினும் கடைக்குப் போய் மின்னல் விளக்குத் தாருங்கள் என்று கேட்டுப் பெற்றவரை நான் கண்டதில்லை.

சங்கச் சான்றோர் வெருகை எத்துணை நுணுகி நோக்கினர் என்பதைச் சிறிது பார்ப்போம். புறநானூற்று 117ஆம் பாட்டில் கபிலர், முல்லையின் கூரிய அரும்புக்கு இளவெருகின் பல்லை உவமை கூறுகின்றார். குறுந்தொகை 220இல் ஒக்கூர் மாசாத்தியார் ஒருபடி மேலே போய், முல்லை அரும்பு வெருகின் சிரிப்பைப் போன்றது என்கின்றார். பூனை சிரிப்பதுண்டோ என்று கேட்பவர், அது கொட்டாவி விட்டு வாய் மூடுகின்ற நேரத்தை ஒருதரம் பார்த்தல் வேண்டும். அவரே 139ஆம் பாட்டில், மாலைப் பொழுதில் வேலிப்புறத்தே வந்த வெருகுகளைக் கண்டு, வீட்டுக் கோழிப் பேடு தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் காட்சியைத் தீட்டியுள்ளார். 107இல் மதுரைக் கண்ணனார் பாடிய தலைவி, துயில் கலைத்த சேவலை, நள்ளிரவில் வீட்டெலி பார்த்திருக்கும் வெருகுக் குட்டிக்கு இரையாகித் தொலையும்படி வைகின்றாள்.

இந்நான்கு பாட்டிலும் பேசப்படுவன பல்லும், பதுங்கலும், இரை பார்த்தலுமே. இருளில் ஒளிரும் கண் பேசப்படவில்லை. இது புலவர் குறையன்று. பூனையின் கண் தானே விளக்காய் எரிவதில்லை. பார்ப்பவன் கண்ணருகே விளக்கு இருந்தால்தான் அது ஒளிர்ந்து தோன்றும். கையை நீட்டிப் பக்கத்தே சூள் பிடித்துச் செல்பவனுக்குத் தெரியாத ஒளி, நெற்றியோடு ஒட்டி ரோர்ச் பிடிப்பவனுக்குத் தெரியும். இதன் காரணத்தை அறிந்துகொண்டால், பூனைப் படத்திலே வருகின்ற பெரிய தொல்லைக்கும் காரணம் அறிந்தவராவோம்.

மனிதக் கண்ணில், ஒளி விழித்திரையில் விழுந்து, அங்கே பயன்பட்டது போக எஞ்சியது பின்னுள்ள கருமையில் மறைந்துவிடும். பூனைக்கோ விழித்திரைக்குப் பின்னே கண்ணாடிபோன்று ஒரு படலம் உண்டு. முதன்முறை பிடிபடாத ஒளியை அது திருப்பி அனுப்ப, விழித்திரை இரண்டாமுறையும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும். நமக்கு வேண்டிய ஒளியில் ஆறில் ஒரு பங்கு இருந்தாலே பூனைக்குக் கண் தெரியும் என்பர். அதற்கு இப்படலமும், அகன்று விரியும் கண்மணியும், மங்கிய ஒளியை உணரும் நுண்கலங்களின் மிகுதியும் சேர்ந்து காரணம். இரண்டாமுறையும் பிடிபடாத ஒளி எவ்வழி வந்ததோ அவ்வழியே வெளியேறும். கமராவின் கண்ணுக்குப் பக்கத்திலேயே பிளாஷ் இருந்தால், வந்த வழியே திரும்பும் ஒளி நேரே கமராவுக்குள் புகும். அப்பொழுது படத்தில் இருப்பது பூனையின் கண்ணன்று; பச்சையும் மஞ்சளுமாய் எரியும் இரண்டு கனல். நீலக்கண் பூனைகளில் இவ்வொளி பெரும்பாலும் செந்நிறமாய் வரும்.

இங்கிலாந்திலே பேர்சி ஷோ என்பவர் வீதியின் நடுவே பதிக்கும் கண்ணாடிக் குமிழுக்கு 1934இல் உரிமை பெற்றபோது, அதற்குப் பூனைக்கண் என்றே பெயர் வந்தது. நம் நாட்டு இரத்தினக் கற்களுள் பூனைக்கண் என்று பெயர் பெற்ற வைடூரியத்தின் சங்கதி வேறு. கல்லினுள்ளே மயிரிழைபோல் ஒருமுகமாய்க் கிடக்கும் நுண்ணிய ஊசிகளில் ஒளி பட்டு, ஒரு வெண்கோடு மேலே ஓடும். கல்லைத் திருப்பினால் கோடும் நகரும். அது கண்ணின் ஒளியை ஒத்ததன்று, பகல் வெளிச்சத்திலே பூனையின் கண்மணி கோடாய்ச் சுருங்கும் வடிவை ஒத்தது. பெயரிட்டவர் பகலில் பார்த்தவர் போலும்.

இனி, பிளாஷ் வந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்லலாம். யேர்மனியில் மீத்தே, கேடிக்கே என்னும் இருவர் 1887இல் மக்னீசியத் தூளோடு வேறு உப்புக்களைக் கலந்து வெடிதூள் ஒன்றைச் செய்தனர். தட்டிலே பரப்பித் தீ வைத்தால் கண்ணைப் பறிக்கும் வெளிச்சமும், கூரை முட்டப் புகையும் எழும். புகைப்படம் என்னும் சொல் இந்தப் புகையினால் வந்தது என்பாரும் உளர். அப்படியாயின், புகை போனபின்னும் பெயர் போகாமல் நிற்கின்றது. ஒளிப்படம் என்பதே பொருள் நிறைந்த சொல் என்பது என் கருத்து. நிழற்படம் என்று நம் முன்னோர் எழுதியதும் அழகே.

வெடிதூளைக்கொண்டு விலங்கைப் படம் பிடிக்கத் துணிந்தவருள் முதல்வர் என்று அமெரிக்கராகிய ஜோர்ஜ் ஷைராஸ் என்பவரைச் சொல்லுவர். ஏரியில் வள்ளத்தை ஓசையின்றிச் செலுத்தி, கரையிலே நீர் குடிக்க வரும் மானின் கண்ணொளியைக் குறிப்பாகக் கொண்டு நெருங்கி, தூளைக் கொளுத்திப் படம் எடுப்பார். துப்பாக்கி வேட்டைக்காரரிடம் கற்ற வித்தையைத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுச் செய்தார் என்க. அவருடைய 74 படங்கள் 1906 யூலையில் நஷனல் ஜியோகிராபிக் சஞ்சிகையில் வெளிவந்தன. இந்தியக் காட்டிலாகா உத்தியோகத்தராய் இருந்த எவ். டபிள்யூ. சாம்பியன், புலி நடமாடும் தடத்திலே கம்பி கட்டி, புலி அதை மிதித்தவுடன் தூள் எரிந்து படம் விழுமாறு அமைத்தார். புலி தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது எனலாம். அவர் நூல் 1927இல் வெளிவந்தது. அவ்வழியே வந்த தானியங்கிக் கமராக்களே இன்று இலங்கையின் ஈரநிலங்களில் மீன்பிடிப் பூனையின் இருப்பைக் கணக்கெடுக்க உதவுகின்றன; அவற்றுட் பல கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை வீசுவன ஆதலின், விலங்கு திடுக்கிடுவதும் குறைவு.

1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிளாஷ் பல்பு வந்தது. கண்ணாடிக் கூட்டினுள் ஒட்சிசனை நிரப்பி, மெல்லிய அலுமினியத் தகட்டையோ இழையையோ அடைத்து வைப்பர். மின் பாய்ந்தவுடன் ஒருமுறை எரிந்து கருகிவிடும், பின் எறியவேண்டியதுதான். பல்பின் உள்ளே நீலப் பொட்டு ஒன்று இருக்கும். அது இளஞ்சிவப்பாய் மாறியிருந்தால் கூட்டில் வெடிப்பு விழுந்து காற்றும் ஈரமும் புகுந்துவிட்டன என்று பொருள். அத்தகைய பல்பு வெடிக்கும், போடலாகாது. கலியாண வீட்டுக்கு வரும் படப்பிடிப்பாளர் பல்பைத் தூக்கிப் பிடித்துப் பொட்டைப் பார்த்த பின்னரே மாட்டுவார் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். இதனிடையே, 1930களில் அமெரிக்காவில் ஹரோல்ட் எட்ஜேர்ட்டன் என்னும் பேராசிரியர் எரிந்து அழியாத மின்பிளாஷைச் செம்மைப்படுத்தினார். சினன் வாயு நிறைந்த குழாயிலே மின் பாய, ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த நேரம் ஒளி வீசும். பாயும் பூனை அந்தரத்தில் நின்றது போலப் படத்தில் நிற்பது அதனாலேதான்.

அந்த வித்தையைக் காட்டுதற்காகப் பூனையை வருத்தினவரும் உளர். 1948இல் பிலிப் ஹால்ஸ்மன் என்பவர் சல்வடோர் டாலி என்னும் ஓவியரை வைத்து எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. ஓவியர் துள்ள, ஒரு வாளித் தண்ணீர் பறக்க, மூன்று பூனைகள் காற்றிலே மிதக்கும். அந்த ஒரு படத்துக்கு அப்பூனைகளை ஏறத்தாழ 28 முறை வீசி எறிந்தனர். ஒவ்வொரு முறையும் ஈரம் துடைத்துப் பிடித்துவந்து மறுபடியும் எறிந்தனர். படம் அற்புதமானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதை நான் என் மாணவர்க்குக் காட்டுவதில்லை.

அதற்கு மறுதலையாய் ஒருவரைச் சொல்லலாம். வோல்ட்டர் சண்டோஹா என்பவர் 1949ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், நியூயோர்க்கிலே பனியில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டி ஒன்றைக் கண்டு, மேலங்கிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதைப் படம் பிடிக்கத் தொடங்கியவர், 2019இல் தமது 98ஆம் வயதில் மறையும் வரை எடுத்த பூனைப் படங்கள் 90,000 என்று கணக்கிடுவர். தரையிலே படுத்துப் பூனையின் கண்மட்டத்தில் கமராவை வைப்பார். விளக்குகளைப் பூனைக்கு முன்னே மட்டும் அன்றிப் பின்னேயும் பக்கத்தேயும் வைப்பார். பின்னொளியில் உரோமம் ஒவ்வொன்றும் தங்கக் கம்பிபோல் தோன்றும். வீட்டிலே, வீட்டுப் பூனையை, வீட்டார் உதவியோடு எடுத்தவர் அவர். ஆதலின் நமக்கு ஏற்ற ஆசிரியர் ஷைராஸும் அல்லர், ஹால்ஸ்மனும் அல்லர், இவரே.

நம் வீட்டுப் பழைய அல்பங்களை எடுத்துப் பாருங்கள். கலியாணம், பூப்புனித நீராட்டு, செத்தவீடு என்னும் மூன்றுக்கும் படப்பிடிப்பாளரை அழைத்தோம். பிரேதத்தைச் சுற்றி நின்று குடும்பத்தோடு படம் எடுப்பதும் நம் வழக்காய் இருந்தது. ஒரு பிளாஷ் பல்புக்கும் ஒரு துண்டுப் பிலிமுக்கும் காசு கொடுத்த காலத்தில், பூனைக்கென்று ஒரு படம் எடுக்க எவர் துணிவார்? ஆயினும் பூனை தானே வந்து புகுந்தது. மணவறைக்குப் பின்னே ஒரு வால். பந்திப் பாயின் ஓரத்திலே ஒரு முதுகு. பாட்டனாரின் சாய்மனைக் கதிரைக்குக் கீழே, முகமோ உடலோ தெரியாமல், இரண்டு வெள்ளைப் புள்ளி. அந்தப் புள்ளிகளைத் தூசி என்று கருதி நகத்தால் சுரண்டிய பிள்ளைகளை நான் அறிவேன். இறந்தோர்க்கு அந்தியேட்டி நாளிலே படத்தோடு கல்வெட்டு அச்சிட்டு வழங்குகின்றோம்; அதற்குப் பாட்டு எழுதித் தரும் பணி எம்மனோர்க்கு வாய்த்திருக்கின்றது. பதினைந்து ஆண்டு ஒரு வீட்டில் எலி காத்து மடிந்த பூனைக்கு, கல்வெட்டு வேண்டாம், ஒரு படமாவது உண்டோ என்றால் இல்லை.

அந்த இல்லாமையின் கனம் எங்கள் வீட்டிலே ஒருமுறை தெரிந்தது. 1990 முதல் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. வரத்தடை விதிக்கப்பட்ட பொருள்களின் பட்டியலிலே பற்றரியும் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்திப் பெடலைச் சுழற்றி, டைனமோவிலே வானொலி கேட்ட காலம் அது. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் விட்டுத் திரி ஏற்றி, அந்த மினுக்கு வெளிச்சத்திலே பிள்ளைகள் படித்தனர். நானும் பண்டிதப் பரீட்சைக்கு அவ்வெளிச்சத்திலேதான் நன்னூல் புரட்டினேன். எங்கள் அயலிலே பிளாஷ் உள்ள கமரா வைத்திருந்தவர் ஒருவர் இருந்தார். அதற்குப் பற்றரி இல்லை. பகல் வெளிச்சத்தில் எடுக்கலாம் என்றால் பிலிமும் அரிது. கிடைத்த பிலிம் அடையாள அட்டைப் படத்துக்கே காணாது. இத்தகைய நாளில், மேசையிலே ஜாம் போத்தலுக்கு அருகே வந்து குந்தி, விளக்கில் விழும் பூச்சியைக் கையால் தட்டி விளையாடும் சாம்பல் நிறப் பெட்டைப் பூனை ஒன்று எங்களிடம் இருந்தது. அதன் இடக்காது சிறிது கிழிந்திருக்கும். வீட்டில் எல்லாரிலும் அம்மாவுக்கே அது மிக நெருங்கியது.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்ததை இந்நாட்டில் அறியாதார் இலர். இலட்சக்கணக்கானோர் மழையிலே, செம்மணி வீதியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் அடி அடியாய் நகர்ந்து தென்மராட்சிக்குப் போயினர். ஆட்டை அவிழ்த்துவிட்டோம், மாட்டை அவிழ்த்துவிட்டோம். பூனையை அவிழ்ப்பதற்கு ஒன்றும் இல்லை. குசினிப் படியிலே இருந்தது. அம்மா ஒரு சட்டியில் சோறு வைத்தார், அவ்வளவுதான்.

மறு ஆண்டு மே மாதம் திரும்பி வந்தோம். கதவு நிலைகள் இல்லை. அல்பங்கள் இருந்த அலுமாரியும் இல்லை. மூன்றாம் நாள் மாலை, விழுந்து கிடந்த கிடுகு வேலியின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. லாம்பைத் தூக்கிப் பார்த்தபோது இரண்டு பச்சைக் கண்கள் தெரிந்தன. கூப்பிட்டோம், வரவில்லை. அடி எடுத்து வைத்தோம், மறைந்தது. மாசாத்தியார் சொன்ன வேலி வெருகு எது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கிற்று. உரையாசிரியர் வெருகு என்பதற்குக் காட்டுப்பூனை என்று பொருள் எழுதுவர். மனையில் இருந்தது வேலிக்கு வெளியே போனால் வெருகு. வேலிக்குள்ளே வந்தால் பூசை. இரண்டுக்கும் இடையே ஆறு மாதம் போதும். அம்மா நாள்தோறும் படியிலே சோறும் சூடை மீன் தலையும் வைத்தார். மூன்று கிழமைக்குப் பின் ஒருநாள் அது படிக்கு வந்து தின்றது. கிழிந்த காதைக் கண்டு அம்மா அழுதார். பின்னர் ஐந்து ஆண்டு இருந்து இறந்தது. இன்று எண்பது கடந்த அம்மாவுக்கு, அதன் உடலில் கோடுகள் இருந்தனவா, வெறும் சாம்பலா என்பது மறந்துவிட்டது. எனக்கும் என் தங்கைக்கும் இதிலே இரண்டு கருத்து உண்டு. தீர்த்துவைக்க ஒரு படமில்லை.

இப்பொழுது எங்கள் வீட்டில் இருப்பது கரிய கடுவன். “இதையாவது வடிவாய் ஒரு படம் எடுத்து வையடா தம்பி” என்று அம்மா சொன்னதன் பேரில், சென்ற மழைக்காலத்தில் நான் இவ்வித்தையைக் கற்கலானேன். அறிந்தவற்றைச் சொல்லுகின்றேன்.

முதலாவது, பகலிலே சன்னல் வெளிச்சம் கிடைக்குமாயின் பிளாஷ் வேண்டவே வேண்டாம். இக்காலக் கமராக்கள் மங்கிய ஒளியையும் தாங்குவன. ஆயினும் பகலில் பூனை தூங்கும். விளக்கு வைத்த பின்னரே அது பூனையாய் நடமாடும். எனவே இரவுப் படத்துக்குப் பிளாஷ் பயன்படுகின்றது. கைத்தொலைபேசியில் உள்ளது மெய்யான பிளாஷ் அன்று. தொடர்ந்து எரியும் சிறு மின்விளக்கே. அது படக்கண்ணுக்கு ஓர் அங்குலத்தில் இருப்பதால் கண்ணிலே கனல் எரிவது நிச்சயம். அதை அணைத்துவிட்டு, அறை விளக்கைப் போட்டு எடுப்பதே மேல்.

தனியாய்க் கழற்றக்கூடிய பிளாஷ் உடையவர், அதன் முகத்தைப் பூனைக்கு நேரே காட்டாமல் சுவருக்கோ முகட்டுக்கோ காட்டல் வேண்டும். ஒளி அங்கே பட்டுப் பரவி மெல்லென இறங்கும். கண்ணும் எரியாது, பின்னே கருநிழலும் விழாது. மேல்நாட்டு நூல்கள் வெள்ளைச் சீலிங்கைக் காட்டச் சொல்லுகின்றன. நம் ஓட்டு வீடுகளிலோ அண்ணாந்து பார்த்தால் தெரிவது கைமரமும் செம்மண் ஓடும். ஒளி அங்கே போய்த் தொலையும், திரும்பி வருவதும் செந்நிறம் ஏறி வரும். நான் கண்ட வழி, வெள்ளை வேட்டி ஒன்றை இரண்டாய் மடித்துச் சுவரோரக் கொடியிலே விரித்துவிட்டு, பிளாஷை அதன்மேல் காட்டுவது. சலவை செய்த வேட்டியாய் இருத்தல் வேண்டும். நீலம் மிகுதியாய்ப் போட்ட வேட்டியானால் பூனையும் நீலம் பூத்துவிடும்.

ஒளியின் கணக்கு எளியது. ஒவ்வொரு பிளாஷுக்கும் வழிகாட்டி எண் ஒன்று உண்டு. அது 24 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். பூனை 3 மீற்றரில் இருந்தால், 24ஐ 3ஆல் வகுக்க வருவது 8. கமராவின் துவாரத்தை அவ்வெண்ணில் வைக்கவேண்டும். ஒன்றரை மீற்றருக்குக் கிட்ட வந்தால் 16. தூரம் இருமடங்கானால் ஒளி பாதியாவதில்லை, கால்வாசியாகும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். வேட்டியிலே பட்டு வரும் ஒளிக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. துவாரத்தை இன்னும் இரண்டு படி திறந்து பார்த்து, பின் கூட்டிக் குறைக்கலாம்.

கரிய பூனை தனிச் சிக்கல். நேரே அடித்த பிளாஷில் அது கண் இரண்டு வைத்த ஓட்டையாய் வரும். கமராவின் தானியங்கி அளவுகோல், காண்பதையெல்லாம் இடைநிறச் சாம்பலாக்க முனைவது. ஆதலின் கருமையே படத்தை நிறைத்திருந்தால் ஒளியை மிகைப்படுத்திப் பூனையைத் தூசி படிந்ததாய்க் காட்டும். பின்னே வெள்ளைச் சுவர் நின்றால் அதற்கு அஞ்சிப் பூனையை மையிலே தோய்த்துவிடும். வெள்ளைப் பூனைக்கு இவற்றின் மறுதலை கொள்க. கருமைக்கு வடிவம் தருவது நேரே விழும் ஒளியன்று, ஓரத்தில் விழும் ஒளி. பிளாஷைப் பூனையின் பக்கத்தே சிறிது பின்வாங்கி வைத்தால், முதுகின் வளைவும், மீசையும், காதின் ஓர மயிரும் வெள்ளிக் கோடாய் எழும். சண்டோஹா கற்பித்தது இதுதான். எங்கள் கடுவனை அரிசி மூடையின்மேல் இருத்தி, மூடைக்குப் பின்னே பக்கவாட்டில் பிளாஷை வைத்து எடுத்த படத்திலேதான் அது கடுவனாய்த் தெரிந்தது.

இன்னொரு தொல்லையும் உண்டு. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டது என்று நினைக்கும் என்பது பழமொழி. இக்காலத் தானியங்கிப் பிளாஷ்கள் படம் எடுக்குமுன் ஒளியை அளப்பதற்காக மெல்லிய முன்னொளி ஒன்றை வீசும். நமக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். பூனையோ முன்னொளிக்கே கண் இமைக்கத் தொடங்கிவிடும்; மெய்யொளி வரும்போது கண் மூடியிருக்கும். பத்துப் படத்திலும் தவத்தில் இருக்கும் பூனையே அகப்படும். மாமல்லபுரத்துப் பெரும்பாறையிலே பல்லவச் சிற்பி செதுக்கிய தவப்பூனை ஒன்று போதும்; வீட்டுக்கு வேறு வேண்டாம். பிளாஷைக் கைக்கணக்கிலே இயக்கினால் முன்னொளி வராது.

பூனையின் கண்ணுக்கு இதனால் கேடு உண்டோ என்று அம்மா கேட்டார். தக்க தூரத்தில் நின்று எப்போதாவது ஓரிரு தரம் வீசும் வீட்டுப் பிளாஷ், வளர்ந்த பூனையைக் குருடாக்குவதில்லை. ஆயினும் இருளுக்குப் பழகி விரிந்திருந்த கண் சிறிது நேரம் கூசித் தடுமாறும். இரவில் அலைந்து இரை தேடும் உயிருக்கு அதுவும் துன்பமே. அறையில் விளக்கை முன்னரே ஏற்றி வைத்தால் கண்மணி சுருங்கியிருக்கும். கூச்சமும் குறையும், கனலும் குறையும். பிறந்த குட்டிக்கு ஒன்றரைக் கிழமை அளவில்தான் கண் திறக்கும். அவற்றின்மேல் பிளாஷ் அடிப்பதை நான் உடன்படேன். தாய் வெருண்டால் குட்டிகளை ஒவ்வொன்றாய்க் கவ்விக்கொண்டு அட்டாளைக்கோ அயல் வளவுக்கோ கொண்டுபோய்விடும். பெரிய பூனையும் காதைப் பின்னே மடித்து வாலைத் தரையில் அடிக்கத் தொடங்கினால் கமராவை மூடிவிடவேண்டும். ஓர் இரவுக்கு நாலைந்து படம் போதும். பிளாஷின் ஓசைக்கும் ஒளிக்கும் பழகுவதற்கு, கமராவைச் சில நாள் மேசையிலே வெறுமனே வைத்திருத்தல் நல்லது. எங்கள் கடுவன் அதன் வாரைக் கடித்து, பெட்டிக்குள்ளே புகுந்து படுத்து, அது தன் பொருள் என்று தீர்மானித்த பின்னரே முகம் காட்டிற்று.

எடுத்த படத்தைத் தொலைபேசிக்குள்ளே வைத்திருப்பது வைத்திருப்பதாகாது. தொலைபேசி விழுந்து உடையும்; கடவுச்சொல் மறக்கும்; பிள்ளைகள் புதிது வாங்கிப் பழையதை எறிவர். ஸ்ரூடியோவிலே கொடுத்துத் தாளில் அச்சிட்டுக்கொள்ள வேண்டும். கரிய பூனையாயின் பளபளக்கும் தாளைக் காட்டிலும் மங்கல் தாளே கருமையின் நுட்பத்தைத் தடையின்றிக் காட்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினருக்கு அனுப்பிவிடவேண்டும். எங்கள் பிரதி ஒன்று இப்பொழுது ரொறன்ரோவில் தங்கையிடம் இருக்கின்றது. படத்தின் பின்புறத்தில் பூனையின் பெயர், திகதி, எந்த வளவு என்பன எழுதிவைத்தல் அவசியம். பென்சிலால் மெல்ல எழுதுக. பேனை மை நாளடைவில் முன்புறம் ஊறிவிடும்.